கையெழுத்து வைக்க முன் வாசியுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பல்கலைக்கழகங்களில் வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளும், அவர்களின் வீட்டாரும், விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் ஆறுதலாக வாசிக்கவும்.

எங்களிடம் படித்த பிள்ளையொருவர் இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறார். சென்ற கிழமை வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் அனுப்பியிருந்தார். "டீச்சர், எங்களுக்கு ரெண்டு நாள் ட்ரெய்னிங் ஒண்டு போட்டிருக்காங்க. கட்டாயமாம். வராட்டி கன்ஃபர்மேஷனுக்குப் பிரச்சினையாம். பகிடிவதை, பாலியல் தொந்தரவு, இலஞ்சம், தகவல் அறியும் சட்டம் எண்டு எல்லாத்தையும் ரெண்டு நாளைக்குள்ள சொல்லப் போறாங்களாம். இஞ்ச வேலை மேசையில குவிஞ்சி கிடக்கு. இதால ஆருக்கு என்ன பிரயோசனம்?"

நியாயமான கேள்விதான். ஆசிரியர்களான எங்களுக்கும் அது புதிதல்ல. வலயத்திலிருந்து கடிதம் வரும். செயலமர்வு எட்டரை மணிக்கு என்று போட்டிருக்கும், வளவாளர் பத்து மணிக்கு வருவார். பேனருக்கு முன்னால் குழுப்படம் எடுத்து முடிய பெட்டிஸும் பால் தேநீரும் வரும். பிற்பகல் இரண்டு மணிக்குக் கையெழுத்துத் தாள் சுற்றிவரும்போதுதான் மண்டபத்தில் எல்லோரும் முழுதாக விழித்திருப்பார்கள். இதையெல்லாம் நாங்கள் பகிடியாகப் பேசிச் சிரித்துக்கொண்டே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறோம்.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு வைத்திருக்கிற பயிற்சி எங்கள் செயலமர்வு மாதிரியானதல்ல. எங்கள் செயலமர்வில் தூங்கினால் பின்னம் கற்பிக்கிற புது முறையொன்று தவறிப்போகும். அடுத்த தவணையில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். அங்கே சொல்லப்படுவது சட்டம். அதில் கையெழுத்து வைத்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வழியில்லை. அந்தத் தாள் உங்கள் பைலுக்குப் போகிறது. நாளைக்கு உங்கள் பெயரில் ஒரு ஒழுக்காற்று விசாரணை வந்தால், இன்ன திகதியில் இவருக்கு இது சொல்லிக்கொடுக்கப்பட்டது என்பதற்கு உங்கள் கையெழுத்தே சாட்சி. ஆகவே முதலாவது பிரயோசனம் நிறுவனத்துக்கு. இதை ஒளிக்கத் தேவையில்லை. உலகத்தில் இந்தப் பயிற்சிகள் இந்தளவுக்குப் பெருகியதே அப்படித்தான்.

அந்தக் கதை அமெரிக்காவில் ஒரு கடற்கரையிலிருந்து வருகிறது. புளோரிடாவில் போக்கா ரட்டோன் என்று ஒரு நகரம். 1985 முதல் 1990 வரை ஒரு பெண் அங்கே உயிர்காப்பாளராக வேலை செய்தார். மேலதிகாரிகள் இருவர் அவருக்கும் மற்றப் பெண்களுக்கும் தொடர்ந்து பாலியல் தொந்தரவு கொடுத்தார்கள். நகர நிர்வாகத்திடம் இதற்கென எழுதிய கொள்கை ஒன்று 1986இலிருந்தே இருந்தது. ஆனால் நகர மண்டபத்திலிருந்து தள்ளியிருந்த அந்தக் கடற்கரை ஊழியர்களுக்கு அதை ஒருவரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1998இல் தீர்ப்பு வந்தது. கொள்கை எழுதிவைத்தது போதாது, அது போய்ச் சேரவேண்டியவர்களிடம் போய்ச் சேரவில்லை, ஆகவே நகரம் பொறுப்பு. அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்போடு சேர்த்து நீதிமன்றம் ஒரு வழியையும் காட்டிவைத்தது. தொந்தரவைத் தடுக்கவும் திருத்தவும் நியாயமான முயற்சி எடுத்தோம் என்று வேலை கொடுப்பவர் நிரூபித்தால், சில வகை வழக்குகளில் தப்பிக்கொள்ளலாம்.

அவ்வளவுதான். கம்பனிகளும் பல்கலைக்கழகங்களும் ஓடி ஓடிப் பயிற்சி வைக்கத் தொடங்கின. முயற்சி எடுத்ததற்கு அத்தாட்சி வேண்டுமே, அதற்குத்தான் கையெழுத்து. கலிபோர்னியாவில் இப்போது இது சட்டமாகவே இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமென்றால், இரண்டு வருடத்துக்கொருமுறை மேற்பார்வையாளருக்கு 2 மணித்தியாலம், மற்றவர்களுக்கு 1 மணித்தியாலம். கணினியில் ஒவ்வொரு பக்கமாகத் தட்டிக்கொண்டு போய் முடித்தால் சான்றிதழ் தானாக வரும்.

இதிலே எங்களை உறுத்துகிற விடயம் ஒன்றிருக்கிறது. கடற்கரையில் நின்ற பெண்ணுக்குக் காகிதம் போய்ச் சேரவில்லை என்பதற்காகத்தான் அந்தத் தீர்ப்பு. அதிலிருந்து வளர்ந்த பயிற்சி முறையோ காகிதத்தைப் பைலுக்குள் சேர்ப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. கடற்கரை வரை போகிறதா என்று பார்ப்பவர் குறைவு.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்த இன்னொரு கதையும் இருக்கிறது. 1986இல் பென்சில்வேனியாவில் லீஹாய் பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி தன் அறையிலேயே கொல்லப்பட்டார். கொன்றவனும் அங்கே படித்த மாணவன்தான். அந்த விடுதிக் கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. போகவர வசதியாக இருக்கட்டும் என்று முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். பெற்றோர் விடவில்லை. நான்கு வருடம் போராடி 1990இல் ஒரு சட்டத்தையே கொண்டுவந்தார்கள். வளாகத்தில் நடக்கும் குற்றங்களின் கணக்கைப் பல்கலைக்கழகம் வருடாவருடம் வெளியிட வேண்டும். எந்தெந்தப் பொறுப்பில் உள்ளவர்கள் தங்கள் காதுக்கு வந்ததைக் கட்டாயம் மேலே அறிவிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அவர்களுக்கான பயிற்சி அங்கிருந்துதான் வருகிறது.

பூட்டு இருந்தது, கதவும் நல்ல கதவு. யாரோ ஒருவருக்கு எழும்பிப் போய்த் திறக்கப் பஞ்சி. விதிகளைப் பற்றிய பயிற்சி என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த முட்டுக்கொடுத்த கதவுதான்.

எங்கள் நாட்டிலும் சட்டம் ஒரு மரணத்துக்குப் பிறகுதான் வந்தது. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் வேறு வன்முறைகளையும் தடை செய்யும் சட்டம். பகிடிவதை செய்தால் 2 வருடம் வரை கடூழியச் சிறை. அதில் பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ இருந்தால் 10 வருடம் வரை.

இந்தச் சட்டத்தைப் பற்றி எங்கள் ஊரில் பேசும்போது எல்லோரும் "மாணவர் மாணவருக்குச் செய்வது" என்றுதான் நினைக்கிறார்கள். சட்டத்தை எடுத்து வாசித்தால், பகிடிவதை என்பதன் வரைவிலக்கணத்திலேயே மாணவரோடு சேர்த்து நிறுவன ஊழியரும் இருக்கிறார். ஊழியர் ஒருவருக்கு உடல் காயமோ, மன வேதனையோ, பயமோ உண்டாக்கினாலும் அது இந்தச் சட்டத்துக்குள் வரும். சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்கிற எங்கள் நாநாமார் எத்தனை பேருக்கு இது தெரியும்? மாணவர் கூட்டமொன்று சுற்றி வளைத்து மிரட்டினால் "படிக்கிற பிள்ளைகள், நாங்க என்ன செய்ற" என்று ஒதுங்கிப் போகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு. 1995இல் திருத்தப்பட்டது. கையை வைத்தால் மட்டும்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். வார்த்தையால் செய்வதும் வரும். வேலைத்தலத்தில் அதிகாரத்தில் உள்ள ஒருவர் செய்வதையும் அந்தப் பிரிவு குறிப்பாகச் சொல்கிறது. 5 வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கவும் நீதிமன்றம் சொல்லலாம்.

2023இல் வந்த 9ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. பதவியில் இருப்பவர் தான் செய்ய வேண்டிய வேலைக்குப் பதிலாகப் பாலியல் சலுகை கேட்டால் அதுவும் இலஞ்சம். காசு கைமாற வேண்டும் என்றில்லை. பரீட்சைப் புள்ளியாக இருக்கட்டும், ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதாக இருக்கட்டும், விடுதியில் ஒரு அறையாக இருக்கட்டும். முன்பெல்லாம் இதைக் கதைக்கவே பெண்கள் வெட்கப்பட்டார்கள். இப்போது சட்டத்தில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பெயர் இருந்தால் முறைப்பாட்டில் எழுதலாம்.

இவ்வளவும் அந்த இரண்டு நாள் பயிற்சிக்குள் வருகிற விடயங்கள். இவை வீண் என்று நாங்கள் சொல்லமாட்டோம். இவை யார் காதுக்குப் போகிறது, எந்த மொழியில் போகிறது என்பதில்தான் எங்களுக்குச் சண்டை.

ஒரு விடயத்தை எழுதுவதா விடுவதா என்று யோசித்தோம். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டோம். ஊரும் பெயரும் போடாமல் எழுதச் சொன்னார்.

கிராமத்தில் ஆசிரியர் வீட்டுக்குக் கடிதம் எழுதுவிக்க ஆட்கள் வருவது தெரிந்ததுதானே. சமுர்த்தி முறைப்பாடு, பிறப்புப் பத்திரத் திருத்தம், கணவனின் சம்பளப் பாக்கி என்று வரும். அப்படி ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு ஒரு ராத்தா வந்தார். மூன்று பிள்ளைகளின் தாய். ஒரு பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை, மேன்பவர் கம்பனி ஊடாக. வந்து உட்கார்ந்து தேத்தண்ணி ஆறும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டீச்சர், ஒரு கடிதம் எழுதித் தாங்க. ஆருக்கு எழுதுற எண்டும் தெரியா" என்றார்.

கட்டடப் பொறுப்பாளர் ஒருவர், வேலை பங்கு பிரிக்கிறவர். ஆளில்லாத மாடிக்குத் தனியாக அனுப்புவதும், பின்னால் வந்து நின்று பேசுவதும், சொன்ன மாதிரி நடந்தால் லேசான வேலை தருவதாகச் சொல்வதும். மூன்று மாதமாக நடந்திருக்கிறது. வீட்டில் சொன்னால் வேலைக்கு விடமாட்டார்கள். வேலையை விட்டால் மூத்த மகளின் ஏ.எல். டியூஷன் நின்றுபோகும்.

நாங்கள் எழுதிக் கொடுத்தோம். அவர் கொண்டுபோய்க் கொடுத்தார். அலுவலகத்தில் வாசித்துப் பார்த்துவிட்டு, "நீங்க எங்கட ஊழியர் இல்லையே, கம்பனிக்குக் குடுங்க" என்று திருப்பித் தந்தார்களாம். கம்பனிக்காரர் மிகவும் அன்பாகப் பேசியிருக்கிறார். "பிரச்சினை வேணாம், உங்கள வேற இடத்துக்கு மாத்தித் தாறன்." மாற்றித்தான் கொடுத்தார்கள். இரண்டு பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலியில் பஸ் காசு போய் மிஞ்சுவது எவ்வளவு என்று நாங்கள் இருந்து கணக்குப் பார்த்தோம். இரண்டு மாதம் போனார், பிறகு விட்டுவிட்டார். இப்போது காலையில் ஆப்பம் சுட்டு விற்கிறார். அந்தப் பொறுப்பாளர் அங்கேதான் இருக்கிறார்.

அன்றைக்கு எங்களோடு பேசிக்கொண்டிருந்தபோது இடையில் ஒன்று சொன்னார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். "போன மாசம் அங்க இதப் பத்தித்தான் பெரிய கூட்டம் ஒண்டு வெச்ச. நான்தான் டீச்சர் ஹோலைக் கூட்டித் துடைச்ச. கதிரை போட்டதும் நான்தான். எங்கள உள்ளுக்கு வரச் சொல்லல்ல."

ஊழியர்களுக்குக் கட்டாயப் பயிற்சி. அவர் ஊழியர் இல்லை. ஆகவே கட்டாயமும் இல்லை, கதிரையும் இல்லை.

ஆனால் 345ஆம் பிரிவில் நியமனக் கடிதம் காட்டச் சொல்லி ஒரு வார்த்தையும் இல்லை. யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அது கேட்பதில்லை. பல்கலைக்கழகங்களில் துப்புரவும் காவலும் பெரும்பாலும் இப்போது ஒப்பந்தக் கம்பனிகளிடம்தான் இருக்கிறது. இரவில் விடுதி வாசலில் நிற்பவர், விடிய முன்னம் வெறும் மாடியில் தனியாக நிற்பவர், மாணவி அழுதுகொண்டு ஓடிவந்தால் முதலில் காண்பவர், எல்லோரும் அவர்களே. உள்ளே ஏசி மண்டபத்தில் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், நாலு மணிக்கு பேக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற எங்களைப் போன்றவர்களுக்கு.

குரல் பதிவு அனுப்பிய பிள்ளைக்கு நாங்கள் சொன்ன பதில் இதை வைத்துத்தான். மகள், நீங்கள் இருப்பது தாபனக் கிளையில். அந்த ராத்தா மாதிரி ஒருவர் கடிதத்தை நீட்டிக்கொண்டு உங்கள் மேசைக்கு வருவார். அப்போது திருப்பிக் கொடுப்பீர்களா, வாங்கித் திகதி முத்திரை குத்துவீர்களா? அது தெரிந்துகொண்டு வருவதென்றால் இரண்டு நாள் போகலாம். அது சொல்லித்தராவிட்டால் எழும்பி நின்று கேளுங்கள்.

மொழி விடயத்துக்கு வருவோம். சிலைட் ஆங்கிலத்தில், பேச்சு சிங்களத்தில், கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேர் தமிழில் படித்தவர்கள். இது எங்கேயோ ஒரு இடத்தில் மட்டும் நடப்பதல்ல. வளவாளரையும் குறை சொல்ல ஏலாது, அவருக்குத் தெரிந்த மொழியில் அவர் பேசுகிறார். ஆனால் கையெழுத்து வைக்கச் சொல்கிற தாளாவது தமிழில் இருக்க வேண்டாமா? தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான், 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து. விளங்காத மொழியில் "வாசித்து விளங்கிக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குவது என்ன நியாயம் என்று கேட்க எங்கள் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களாம். நினைத்தால் நினைக்கட்டும்.

பயிற்சியின் உள்ளடக்கமும் பிழைத்துப் போகலாம். இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, தீவிரவாதத்தின் பக்கம் சாயக்கூடிய மாணவர்களைக் கண்டுகொள்ளும் பொறுப்பு பல்கலைக்கழகங்களுக்கு இருக்கிறது. ஊழியர்களுக்கு அதற்குப் பயிற்சி. அதே வருடம் வெளியே வந்த சம்பவம் ஒன்று. ஸ்டாஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் பயங்கரவாதம் பற்றியே பட்டப் பின்படிப்புப் படித்துக்கொண்டிருந்த முஸ்லிம் மாணவர் ஒருவர், நூலகத்தில் தன் பாடப்புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அலுவலர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டு, சந்தேகம் என்று பாதுகாப்புப் பிரிவுக்கு அறிவித்தார். பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தால் ஆட்களுக்கு அறிவு கூடாது, சந்தேகம்தான் கூடும். தாடியும் புத்தகமும் ஒன்றாகக் கண்டால் மணி அடிக்கிற மாதிரி ஆகிவிடும். எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆண்கள் சிலர் இந்தப் பயிற்சிகளில் முகத்தைச் சுருக்கிக்கொண்டு உட்காருவதையும் கண்டிருக்கிறோம். "நாங்க என்ன குற்றவாளிகளா?" என்று கேட்கிறார்கள். அவர்களைத் திட்டுவதற்கு முன் ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். பிராங்க் டொபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்காவில் 800க்கும் மேற்பட்ட கம்பனிகளின் பல வருடத் தரவுகளை எடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். ஊழியர்களை உட்காரவைத்து "இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே" என்று பட்டியல் வாசிக்கிற பயிற்சி நல்ல பலன் தரவில்லை. சில இடங்களில் எதிர்ப்பையே கிளப்பியது. மேலாளர்களைப் பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்பவர்களாக மதித்து, கண்முன் நடந்தால் எப்படித் தலையிடுவது என்று பழக்கிய இடங்களில் மேல்பதவிக்கு வரும் பெண்களின் தொகை கூடியது.

வகுப்பறையில் நிற்பவர்களுக்கு இது அதிசயமே இல்லை. வகுப்புக்குள் போய் "களவெடுத்தவன் எழும்பு" என்றால் நாற்பது பிள்ளையும் சுவரைப் பார்க்கும். "பென்சில் பெட்டி காணாமல் போயிருக்கு, தேட ஆர் உதவி செய்யிற?" என்றால் நாற்பது கையும் உயரும். பெட்டியும் வந்துவிடும்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு நுண்நிலைக் கற்பித்தல் என்று ஒன்று வைப்பார்கள். ஐந்து பத்து நிமிடம், ஒரே ஒரு திறன். சக மாணவர்கள்தான் பிள்ளைகள். செய்து காட்டவேண்டும், பின்னால் இருந்து குறை சொல்வார்கள், திரும்பச் செய்யவேண்டும். வெட்கமாக இருக்கும், கை நடுங்கும். அங்கே கேட்ட விரிவுரைகளில் பாதி மறந்துபோய்விட்டது. நுண்நிலைக் கற்பித்தலில் திரும்பத் திரும்பச் செய்தது எதுவும் மறக்கவில்லை.

எங்கள் கரையோரத்துக்கு இதைவிடப் பெரிய சான்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பாடசாலைகளில் சுனாமி ஒத்திகை வைத்தார்கள். மணி அடிக்கும், வரிசையாகப் போகவேண்டும், எந்த வழியால், எதுவரை, சின்னப் பிள்ளைகளை யார் பிடிப்பது எல்லாம் நடந்து நடந்து பழகினோம். 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமத்ராவுக்கு அப்பால் பெரிய நிலநடுக்கம் வந்து எச்சரிக்கை விட்டபோது கரையோரமே எழும்பி உள்ளூருக்குப் போனது. ஞாபகம் இருக்கும். அலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எங்கே போவதென்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவரும் அன்றைக்கு சிலைட்டைத் தேடவில்லை.

பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒரு ஒத்திகை வைக்க எவ்வளவு செலவாகும்? ஒரு மேசை, ஒரு கடிதம். ஒருவர் முறைப்பாட்டோடு வருகிறார், மற்றவர் வாங்குகிறார். என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது, எந்தப் புத்தகத்தில் பதிவது, எத்தனை நாளுக்குள் யாரிடம் போகவேண்டும், வந்தவரை அதுவரை எங்கே உட்காரவைப்பது. அரை மணித்தியாலம் போதும். காவலாளியையும் துப்புரவுப் பெண்ணையும் கூப்பிட்டு வைத்து, அவர்கள் மொழியில். முப்பது சிலைட்டை விட அது பிரயோசனம்.

சரி, அப்படி ஒத்திகை வைக்காத இடத்தில் இருக்கிறவர்கள் என்ன செய்வது? கையெழுத்துத் தாள் வந்தால் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். வருகைக்கான கையெழுத்து வேறு, விதிகளை வாசித்து ஏற்றுக்கொள்கிறேன் என்பதற்கான கையெழுத்து வேறு. இரண்டாவதென்றால் அந்த விதிகளின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், தமிழில் இருந்தால் தமிழில். பல்கலைக்கழகங்களுக்கென்று தனியாகத் தாபனக் கோவை இருக்கிறது. உங்கள் வேலையோடு சம்பந்தப்பட்ட அத்தியாயத்தையாவது ஒருமுறை பாருங்கள். வளவாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வளாகத்தில் முறைப்பாட்டை வாங்குகிறவர் யார், அவருடைய அறை எங்கே?" பெயரும் அறையும் சொல்ல முடியாவிட்டால் அதையும் உங்கள் கொப்பியில் எழுதி வையுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் பால்நிலை சமத்துவத்துக்கென ஒரு நிலையம் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் அதற்கான பிரிவுகளும் இருக்கின்றன. உங்கள் இடத்தில் அது எந்த மாடியில் என்று தெரிந்து வைத்திருங்கள்.

கொடுக்கிற எந்தக் கடிதத்துக்கும் பிரதி வையுங்கள், வாங்கியவரின் கையெழுத்தும் திகதியும் எடுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டு அத்தாட்சி.

முறைப்பாட்டு நடைமுறை என்னவென்று நிறுவனம் சொல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம். அங்கே வேலை செய்பவராக இருக்கவேண்டிய அவசியமில்லை. மகளை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிற உம்மாவும் கேட்கலாம். தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும்.

தொலைபேசி இலக்கங்களும் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி 1938. இலஞ்ச ஊழல் ஆணைக்குழு 1954. மனித உரிமைகள் ஆணைக்குழு 1996. மேன்பவரில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. இ.பி.எப். கட்டுகிறார்களா, சம்பளச் சீட்டு தருகிறார்களா என்பதைத் தொழில் அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். பல பேர் அந்தச் சீட்டையே கண்டதில்லை.

பல்கலைக்கழகத்தில் அதிகாரத்தில் இருக்கிற எங்கள் ஊர் மக்களும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த துப்புரவு, காவல் ஒப்பந்தம் எழுதும்போது, கம்பனி ஆட்களும் அதே பயிற்சிக்கு வரவேண்டும், அவர்களின் முறைப்பாட்டையும் பல்கலைக்கழகமே வாங்கும் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று பாருங்கள். கேள்விமனு ஆவணத்தில் துடைப்பத்தின் எண்ணிக்கை, பினாயில் லீற்றர் எல்லாம் எழுதுகிறீர்கள்தானே.

மேலே சொன்ன சட்டங்களின் முக்கிய பகுதிகளைத் தமிழில் இரண்டு பக்கத்தில் நாங்கள் தயாரித்து வைத்திருக்கிறோம். சட்டத்தரணியான ஒரு தங்கச்சி பார்த்துத் திருத்தியும் தந்துவிட்டார். பொது நூலகத்திலும் பாடசாலை அலுவலகத்திலும் பிரதி இருக்கிறது, காசு இல்லை. அடுத்த சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலையின் ஆரம்பப் பிரிவுக் கட்டடத்தில் இருப்போம். கடிதம் எழுதவேண்டியவர்கள், கையில் கிடைத்த சுற்றுநிருபம் விளங்காதவர்கள் கொண்டு வரலாம். மேன்பவர் வேலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் வாருங்கள். பெண்களுக்குத் தனி வகுப்பறை, டீச்சர்மார் மட்டும் இருப்போம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், விளையாட இடம் இருக்கிறது. மழை பெய்தால் பின் வாசலால் வரவும், முன் வாசலில் தண்ணீர் தேங்கும்.